பெலும் குகைக்குள் பேசாமல் நடந்த ஒரு காலைப்பொழுது

ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில் உள்ள பெலும் குகைகளுக்குப் போய்வந்தவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் கிடைக்கும்: உள்ளே வியர்த்துக் கொட்டும், மஞ்சள் விளக்குகளில் படம் நன்றாக வரும், முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கண்டிக்கோட்டைக்குக் கிளம்பிவிடலாம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அந்தக் குகையை முக்கால் மணி நேரத்தில் கடந்து வருபவர் அதன் விளக்குகளைப் பார்த்திருப்பாரே தவிர, குகையைப் பார்த்திருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஊர்க்காரரான ஒரு வழிகாட்டியுடன், கூட்டம் வருவதற்கு முன்பே இறங்கி, அதிகம் பேசாமல் முற்பகல் முழுவதையும் உள்ளே கழித்த பிறகு எழுந்த நம்பிக்கை இது.

குகை என்றாலே மலையைத் தேடும் கண்ணுக்குப் பெலும் முதலில் பிடிபடாது. சுற்றிலும் சமமான விளைநிலம், ஆங்காங்கே கல் வெட்டி எடுத்த குழிகள், தொலைவில் சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகள். அந்தச் சமதரையில் கிணறுகளைப் போல மூன்று பெரும் பள்ளங்கள் இருக்கின்றன; நடுவில் இருப்பதுதான் வாசல். படிக்கட்டில் ஏறத்தாழ இருபது மீட்டர் இறங்கிய பிறகு குகை கிடைமட்டமாகத் திரும்பி நிலத்தடியில் ஓடத் தொடங்குகிறது. அளந்து வரையப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. மேகாலயத்தில் இதைவிட நீண்ட குகைகள் உண்டு. ஆனால் இந்தியச் சமவெளிப் பகுதியில் இவ்வளவு நீளமான குகை வேறில்லை.

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில் பாதையில் தாடிபத்ரியில் இறங்கினால் அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். தாடிபத்ரியில் விஜயநகரக் காலத்துக் கோயில்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றின் சிற்பங்களுக்கு ஒரு நாள் தனியே ஒதுக்க வேண்டும் என்பதால் இங்கே விரிக்கவில்லை. ஊரைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் கல் அறுக்கும் பட்டறைகள் தொடங்கிவிடுகின்றன. அறுத்துச் செவ்வகமாக்கிய கரிய பலகைகள் வரிசை வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்க, லாரிகள் காத்து நிற்கின்றன. நம் வீடுகளின் சமையலறை மேடையிலும் அலமாரித் தட்டுகளிலும் பதித்திருக்கும் கடப்பா கல் இந்த வட்டாரத்துக் கருஞ்சுண்ணாம்புக்கல்தான். எனக்கு வழிகாட்டியாக வந்தவரும் இளமையில் அந்தக் கல் லாரிகளோடு சென்னைக்கு வந்து, சில ஆண்டுகள் வீடு வீடாகக் கல் பதித்தவர். அங்கே கற்ற தமிழ் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. என் அரைகுறைத் தெலுங்கும் அவருடைய தமிழும் சேர்ந்து எங்களுக்குப் போதுமான ஒரு மொழியாகிவிட்டது.

நான் வேலைநாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போயிருந்தேன். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வரும் கூட்டம் குகையின் குறுகலான இடங்களில் தேங்கி நிற்கும் என்றும், அப்போது தன்னுடைய குரலே தனக்குக் கேட்காது என்றும் அவர் சொன்னார். "அண்ணா, எனக்கு அவசரம் எதுவும் இல்லை. நீங்கள் சொல்வதைவிட நீங்கள் நிற்கும் இடத்தில் நிற்கத்தான் வந்தேன்" என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படின்னா தண்ணி பாட்டில் பெருசா வாங்கிக்கோங்க சார், செருப்பு வேணாம், பிடிப்பு இருக்கற ஷூ போட்டுக்கோங்க" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு உள்ளே நாங்கள் பேசிக்கொண்டது மிகவும் குறைவு.

படிகளில் இறங்கும்போதே காற்று மாறுகிறது. குகைக்குள் குளிர்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே திகைத்துப்போவார்கள். ஆழமான குகையின் காற்று மேலே உள்ள நிலத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். குளிர்நாட்டுக் குகைகள் சில்லென்று இருப்பதற்கும் ராயலசீமையின் குகை வெதுவெதுப்பாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். அதோடு உள்ளே ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை ஆவியாவதில்லை, உடலிலேயே வழிகிறது. வெளிக்காற்றை உள்ளே செலுத்துவதற்குக் குழாய்களும் புளோயர்களும் அமைத்திருக்கிறார்கள். அவற்றின் வாய்க்கருகே நின்றால் முகத்தில் காற்று அடிக்கும். எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். அவர் அந்த இடங்களில் நிற்காமல் நடந்தார். உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழகிவிட்டால் பிறகு தொந்தரவு செய்யாது, காற்றடிக்கும் இடத்தில் நின்று நின்று போனால் கடைசி வரை பழகாது என்பது அவருடைய அனுபவம். எனக்கும் அது சரியாகவே இருந்தது.

முதலில் அவர் நின்ற இடம் எந்தப் பெயர்ப்பலகையும் இல்லாத ஒரு சுவர். கையிலிருந்த டார்ச்சைச் சுவருக்கு நேரே காட்டாமல், சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தார். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் வழவழப்பான கரிய கல்லாகத் தெரிந்த பரப்பு, பக்கத்து வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான சிறு குழிவுகளாக எழுந்து நின்றது. ஒவ்வொரு குழிவும் கட்டைவிரல் அழுந்திய அளவு. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தது. ஓடும் நீர் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கும் குழிவுகள் இவை. செங்குத்தான பக்கம் எதுவோ அந்தத் திசையிலிருந்து நீர் வந்தது என்று பொருள். அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை. டார்ச்சை மெல்ல நகர்த்தி, நீர் வந்த வழியைச் சுவரின் நெடுக வெளிச்சத்தாலேயே காட்டிக்கொண்டு போனார். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன ஓட்டத்தின் திசையை அந்த இருட்டில் நின்று படிக்க முடிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அதன் பிறகு பார்த்த பெரிய மண்டபங்கள் எதுவும் தரவில்லை. சுவரை அவர் ஒருமுறைகூட விரலால் தொடவில்லை என்பதையும் அங்கேதான் கவனித்தேன்.

இந்தக் கல்லின் இயல்பைப் புரிந்துகொள்ள வேறெங்கும் போக வேண்டியதில்லை, நம் சமையலறையே போதும். கடப்பா கல் மேடையில் எலுமிச்சம்பழச் சாறு சிந்தி, உடனே துடைக்காமல் விட்டால் அந்த இடம் வெளுத்துவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அது கறை அன்று. அமிலம் கல்லின் மேற்பரப்பைக் கரைத்துவிட்ட தடம். குகையில் நடந்ததும் இதே வேதியியல்தான், மிகமிக மெதுவாக. மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகி, பாறையின் விரிசல்கள் வழியே இறங்கி, அவற்றைக் கரைத்துக் கரைத்து நடைபாதைகளாக்கியிருக்கிறது. அதே நீர் காற்று நிறைந்த வெற்றிடத்துக்கு வந்து சேரும்போது தன்னிடமிருந்த கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டுவிடுகிறது. அப்போது கரைந்திருந்த சுண்ணாம்பைச் சுமக்க அதனால் முடிவதில்லை. துளி விழும் இடத்திலும் துளி தொங்கும் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தை வைத்துவிட்டுப் போகிறது. மேலிருந்து தொங்கும் கல்விழுதும், கீழிருந்து எழும் கல்முளையும், இரண்டும் சந்தித்த தூணும் இப்படி உருவானவை. ஒரு நூற்றாண்டில் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை வளர்ந்தால் அதுவே பெரிது. பாறையோ இவை எல்லாவற்றையும்விடப் பழையது: சிப்பியும் சங்கும் பூமியில் தோன்றுவதற்கு முன்பிருந்த ஒரு கடலின் அடியில் படிந்த சேறு அது.

பெலுமின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் உண்டு. சிங்கத்தின் தலையைப் போலத் தோன்றும் இயற்கை வளைவு சிம்மத்துவாரம். சிவலிங்கங்களைப் போலக் கல்லுருக்கள் நிறைந்த இடம் கோடிலிங்காலு. நாகம் படமெடுத்ததைப் போலக் கல்விழுதுகள் விரிந்திருக்கும் கூரைக்கு வேயி படகலு, அதாவது ஆயிரம் நாகப் படங்கள், என்று பெயர். பெருந்தூண் ஒன்றைச் சுற்றி விழுதுகள் இறங்கும் இடத்தை ஊர்மக்கள் ஊடலமர்ரி, அதாவது விழுதுகள் விட்ட ஆலமரம், என்கிறார்கள். வழிகாட்டிகள் பொதுவாக இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். பார்ப்பவர்களும் சிங்கம் தெரிகிறதா, பாம்பு தெரிகிறதா என்று தேடி, தெரிந்ததும் படம் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார்கள். என்னுடன் வந்தவர் முறையை மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு இடத்திலும் முதலில் நிற்பார். நான் என் போக்கில் பார்த்து முடித்துவிட்டேன் என்று தெரிந்த பிறகே, நகரும் நேரத்தில், பெயரை ஒரே சொல்லாகச் சொல்வார். பெயரை முன்கூட்டிச் சொல்லாததால் ஆலமரத்துக்குள் நான் ஆலமரத்தைத் தேடவில்லை. தூணின் ஒரு பக்கம் மட்டும் ஈரமாக மின்னுவதையும், அந்தப் பக்கத்து விழுதுகளின் நுனியில் மட்டும் துளி நிற்பதையும், மறுபக்கம் எப்போதோ காய்ந்து மங்கிப்போயிருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் இன்னும் வரும் பக்கம் உயிரோடு வளர்கிறது. வராத பக்கம் நின்றுவிட்டது. பெயர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஊர்மக்கள் தலைமுறைகளாக இந்த இடத்தோடு கொண்ட உறவு அவற்றில் இருக்கிறது. அவை பின்னால் வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஒரு கூடத்துக்கு மட்டும் ஜெர்மானியர் ஒருவரின் பெயர். ஹெர்பர்ட் டேனியல் கெபாவர் என்ற குகை ஆய்வாளர் தலைமையில் 1982-லும் 1983-லும் வந்த குழுதான் இந்தக் குகையை முறையாக அளந்து வரைபடம் ஆக்கியது. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், 1884-ல், பெலுமைப் பற்றி எழுத்தில் குறித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்தப் பெயர் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமாக இருக்கும்: 1863-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தவர், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். பல்லாவரத்துச் செம்மண்ணில் கல்லைப் பொறுக்கிய அதே கண்கள் இந்தப் பள்ளத்துக்குள்ளும் எட்டிப் பார்த்திருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு அந்த இடத்தோடு ஒரு நெருக்கம் உண்டானது. அவருக்கும் வெகு காலத்துக்கு முன்பே மனிதர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். பௌத்த, சமணத் துறவிகள் தங்கிய குகை இது. அதற்கும் முந்திய காலத்துக் கலங்களின் எச்சங்கள் இங்கே கிடைத்து அனந்தபூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கின்றன. வாசலுக்கு அருகே, படுக்கையும் தலையணையும் செதுக்கி வைத்ததைப் போன்ற பாறை அமைந்த தியான மந்திர் என்ற பகுதியில், வெளிச்சம் இன்னும் எட்டும் தூரத்தில், மழைக்கால மாதங்களை ஒருவர் கழித்திருக்க முடியும் என்பது நம்புவதற்குக் கடினமாக இல்லை.

சப்தஸ்வர குகையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே உள்ள கல்விழுதுகளை மரக்குச்சியாலோ விரல் கணுவாலோ தட்டினால் உலோகத்தைத் தட்டியதைப் போன்ற ஒலிகள் எழுகின்றன; பெயர் அதனால் வந்தது. வருகிறவர்கள் அனைவரும் தட்டிக் காட்டச் சொல்கிறார்கள். அவர் என்னிடம் கேட்டபோது வேண்டாம் என்றேன். அவருக்கு அது சற்று வருத்தமாகவே இருந்தது. தான் எப்போதும் ஒரே இடத்தில், மெதுவாகத்தான் தட்டுவதாகவும், தட்டிக் காட்டாமல் அழைத்துப் போனால் வந்தவர்கள் தாங்களே கிடைத்த இடத்தில் எல்லாம் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்றும் விளக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தைத் தினமும் சமாளிப்பவர் அவர். ஆயினும் கோடிக்கணக்கான துளிகள் சேர்ந்து உண்டாக்கிய ஒன்றை, கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக நாள்தோறும் அடிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அடி மட்டுமன்று, தொடுவதே தீங்குதான்: நம் தோலின் எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் நீர் முன்போலப் படர்வதில்லை, பரப்பு கறுத்து வளர்ச்சி தடைப்படுகிறது. கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள விழுதுகள் மட்டும் அழுக்கேறி மழுங்கியிருப்பதைக் குகையின் எந்தப் பகுதியிலும் பார்க்கலாம். ஒலியை ஒருமுறை பதிவு செய்து, அந்தக் கூடத்தில் பொத்தானை அழுத்திக் கேட்கும்படி வைத்துவிட்டால் போதுமே என்று அவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, அதைக் கேட்க இவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்றார். எங்கள் இருவருக்கும் இதில் கடைசி வரை உடன்பாடு ஏற்படவில்லை.

குகையின் மிக ஆழமான இடம் பாதாளகங்கை, தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே. ஆண்டு முழுவதும் வற்றாத ஒரு சிற்றோடை அங்கே பாறைக்குள்ளிருந்து வந்து, சிறிது தூரம் தென்பட்டு, மறுபடியும் பாறைக்குள் போய் மறைகிறது. அது பெலும் ஊரில் உள்ள ஒரு கிணற்றுக்குப் போய்ச் சேர்கிறது என்பது ஊரின் நம்பிக்கை. இறங்கும் இரும்புப் படிகளில் ஈரம் இருப்பதால் ஒவ்வொரு காலாக வைத்து இறங்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை. விளக்கின் ஒளியில் நீர் கண்ணாடித் தகடாகத் தெரிந்தது. ஓசை எதுவும் கேட்கவில்லை. நீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

அப்போது கரண்ட் போனது.

எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. "ஒண்ணும் இல்ல சார், கம்பியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க, ஜெனரேட்டர் வரும்" என்றார். அவர் கையிலேயே டார்ச் இருந்தது. ஆனால் அதைப் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை. இருட்டைவிட முதலில் என்னைத் தாக்கியது ஒலியின் மாற்றம்தான். இறங்கியதிலிருந்து என் காதில் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அது காற்றுச் செலுத்தும் புளோயர்களின் ஓசை. இடைவிடாமல் இருந்ததால் அதை ஓசை என்றே நான் எண்ணவில்லை. மின்சாரம் போனதும் அது சில நொடிகளில் தேய்ந்து அடங்கிப்போக, அதற்கு அடியில் மறைந்திருந்த குகையின் சொந்த ஒலிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. முதலில் காலடியில் நீரின் சலசலப்பு: ஓடை நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எனக்கு வலப்பக்கம் ஒரு துளி. ஒரே சீரான இடைவெளியில், ஆழமான நீரில் விழும் கனத்த ஒலி. அதைக் கேட்கப் பழகிய பிறகு அதற்கும் அப்பால் மற்றொரு துளி, கல்லில் விழுந்து தெறிக்கும் மெல்லிய ஒலியோடு, இன்னும் நீண்ட இடைவெளியில். இரண்டும் சில நேரம் சேர்ந்து விழுந்தன, பிறகு விலகின. துளி விழும் இடம் நீரா, ஈரக்கல்லா, காய்ந்த கல்லா என்பதைக் காதாலேயே சொல்ல முடிந்தது.

கண்ணைப் பற்றியும் ஒரு விஷயம். வெளியில் எவ்வளவு இருட்டான இரவிலும் சற்று நேரத்தில் கண் பழகி ஏதாவது தெரியத் தொடங்கும். ஆழக் குகையில் அப்படி இல்லை. ஒளி என்பதே அங்கே இல்லாதபோது கண் பழகுவதற்கு எதுவும் இல்லை. கையை முகத்துக்கு நேரே அசைத்தபோது அதன் நிழலுருவம் தெரிவதைப் போல இருந்தது. கை எங்கே இருக்கிறது என்பதை ஏற்கெனவே அறிந்த மூளை வரைந்துகொள்ளும் உருவம் அது என்பதால், அவர் கையை என் முகத்துக்கு முன் அசைத்தபோது எதுவும் தெரியவில்லை. காற்று அசைந்ததை மட்டும் உணர்ந்தேன். அச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஊரை அறிந்த, இந்தப் பாறையை அறிந்த ஒருவர் அருகில் நின்று மூச்சுவிடும் ஒலி கேட்டுக்கொண்டிருந்ததால் அது வரவில்லை. தனியாக நின்றிருந்தால் அந்த ஒலிகள் எதையும் என்னால் கேட்டிருக்க முடியாது. விளக்கு எப்போது வரும் என்பதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஜெனரேட்டர் வந்து விளக்குகள் எரிந்த பிறகும் அவர் உடனே மேலே ஏறவில்லை. படியில் உட்கார்ந்து, தன் சிறுவயதில் இந்தக் குகை இருந்த நிலையைச் சொன்னார். அப்போது விளக்கும் இல்லை, படியும் இல்லை. பையன்கள் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிக் கொளுத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்தபடி உள்ளே போவார்களாம். பல இடங்களில் சேறு இடுப்பளவு நிறைந்து, தவழ்ந்துதான் போக முடியும். எண்பதுகளின் பிற்பகுதி வரை சுற்றுவட்டாரத்துக் குப்பைகளையும் கழிவுகளையும் இந்தப் பள்ளங்களில்தான் கொட்டினார்கள். ஊர்க்காரர்கள் சிலர் விடாமல் போராடிக் கேட்டதன் பலனாக அரசு கவனித்து, 1999-ல் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றது. சேற்றை வாரி வெளியேற்றி, நடைபாதையும் விளக்கும் காற்றும் அமைத்து, 2002 பிப்ரவரியில் மக்களுக்குத் திறந்துவிட்டது. இன்று நாம் நிமிர்ந்து நடக்கும் பாதைகளில் பெரும்பகுதி, மனிதர்கள் கூடை கூடையாக மண்ணைச் சுமந்து வெளியேற்றியதால் நமக்குக் கிடைத்தவை. தான் பையனாகத் தவழ்ந்து போன ஓர் இடத்தைத் திரும்பும் வழியில் காட்டினார். நான் தலை குனியாமலே அதைக் கடந்து நடந்தேன்.

திறந்துவிட்டதால் வரும் ஆபத்துகளும் உண்டு. இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. வெளிச்சமே இல்லாத இடத்தில் விளக்கு வைத்தால், அதன் ஒளி படும் ஈரப் பாறையில் பாசி முளைக்கிறது. உலகின் காட்சிக் குகைகள் பலவற்றிலும் இருக்கும் தொல்லை இது. பெலுமிலும் ஒரு விளக்கின் அருகே மெல்லிய பச்சைப் படலத்தைக் கண்டேன். மனிதர்களின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சுண்ணாம்புப் படிவங்களை மெல்ல அரிக்கும். பிரான்சின் லாஸ்கோ குகையை 1948-ல் மக்களுக்குத் திறந்து, வந்தவர்களின் மூச்சாலும் பாசியாலும் பல்லாயிரம் ஆண்டு பழமையான ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-லேயே மூடிவிட நேர்ந்தது. பெலுமில் ஓவியங்கள் இல்லை. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் கல் இருக்கிறது. ஆள் இல்லாத பகுதிகளில் விளக்குகள் தாமாகவே அணைந்துவிடும் ஏற்பாடும், வண்ண விளக்குகளுக்குப் பதிலாக மங்கலான ஒரே நிற ஒளியும் வந்தால் பாசியும் குறையும், பார்ப்பவர்களுக்கும் பாறையின் உண்மையான நிறம் தெரியும். கரியதும் சாம்பலுமான அந்த நிறத்தில் வெள்ளைக் கால்சைட் நரம்புகள் ஓடும் அழகுக்கு மேல் யாரும் வண்ணம் பூச வேண்டியதில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வேலைநாளில், திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். கண்டிக்கோட்டையையும் யாகந்திக் கோயிலையும் பெலுமையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள்; தாடிபத்ரியிலோ பனகானபள்ளியிலோ முந்தின இரவு தங்கிவிடுவது நல்லது. மூச்சுத்திணறல், இதயக் கோளாறு உள்ளவர்கள் பாதாளகங்கைக்கு இறங்குவதற்கு முன் வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மேல்மட்டத்துக் கூடங்களிலேயே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. கைப்பேசியின் விளக்கைவிடச் சிறிய டார்ச் ஒன்று பயன்படும். அதைச் சுவரின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளும்போதே, "மெதுவாகப் போக விரும்புகிறோம், எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் வழக்கமாக ஒரு குழுவை முடித்துவிட்டு அடுத்த குழுவைப் பிடிக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்கள்; உங்களுக்காக முற்பகல் முழுவதையும் ஒதுக்கினால், அந்த நேரத்தில் அவர்கள் இழக்கும் வருமானத்தைக் கணக்கிட்டு, கேட்காமலே கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். நான் அவ்வாறு கொடுத்தபோது முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

நாங்கள் மேலே வந்தபோது பள்ளிப் பேருந்து ஒன்று வந்து நின்றிருந்தது. அடுத்து அந்தப் பிள்ளைகளை அழைத்துப் போகவேண்டியவரும் அவரே. தண்ணீர் குடித்துவிட்டு அவர்களிடம் போனார். படிக்கட்டுக்கு முன்னால் அவர்களை உட்காரவைத்து, உள்ளே எதையெல்லாம் பார்க்கலாம் என்று தொடங்குவார் என எதிர்பார்த்தேன். கீழே ஓர் ஓடை இருக்கிறது, அங்கே போனதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றால் எத்தனை துளிகள் விழுகின்றன என்று எண்ணலாம், சரியாக எண்ணுபவர்கள் மேலே வந்து என்னிடம் சொல்லுங்கள் என்று தெலுங்கில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.